எனக்குத் தெரிந்த கன்னடம்

ஓசூர்,
கார்த்திகை மாதம், 1956.

என் பிரியத்துக்குரிய தங்களுக்கு,

நானும் குழந்தை சம்பங்கியும் சுகமாக இருக்கிறோம். பதான்கோட் பட்டாள முகாமில் குளிர் எப்படி இருக்கிறது, தங்கள் இருமல் நின்றதா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். கடிதம் முழுக்க மேனேஜர் தங்களுக்கு எழுதியதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள்.

லீவில் வந்ததும் முதல் வேலையாகப் பட்டுநூல் கம்பெனிக்குப் போய், முதலாளி காலில் விழுந்து, என் தப்புக்குத் தாங்கள் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்கிறீர்கள். வேலையும் கம்பெனி வீடும் திரும்பக் கிடைத்துவிடுமாம். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மேனேஜர் கதையைக் கேட்டீர்கள். இனி என் கதையைக் கேளுங்கள்.

நான் ஊத்தங்கரைக்காரி. இந்தக் கம்பெனியில் சேரும்வரை கன்னடம் என் காதில் விழுந்ததில்லை என்பது தங்களுக்கே தெரியும். சேர்ந்த பிறகு எனக்குக் கன்னடம் கற்றுத்தந்த வாத்தியார் யார்? சாட்சாத் அந்த மேனேஜர்தான். கொதிக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பட்டுக்கூட்டிலிருந்து நாங்கள் இழை எடுத்துக்கொண்டிருப்போம். அவர் பின்னால் வந்து நின்று "நீனு பா" என்பார். வா என்று அர்த்தம். "கூத்கோ" என்றால் உட்கார். "பேக, பேக" என்றால் சீக்கிரம், சீக்கிரம். "ஹோகு" என்றால் போ. காலையிலிருந்து சங்கு ஊதும் வரைக்கும் இதே பாடம். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இதுகூடவா மண்டையில் ஏறாது? அந்த பாஷையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் இதே வார்த்தைதான் என்று நினைத்து, எனக்கும் கன்னடம் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று பெங்களூரிலிருந்து முதலாளி விருந்தாளிகளோடு வந்தார். நான் தாங்கள் அனுப்பிய பச்சைப் புடவையைக் கட்டியிருந்தேன். அது கண்ணில் பட்டதோ என்னவோ, மேனேஜர் என் கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, முதலாளியைக் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொல்லி அழைக்கச் சொன்னார். நானும் முகம் மலர, மனசார அழைத்தேன்.

"நீனு ஒளகே பா. பேக பா. கூத்கோ!"

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. விருந்தாளி ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்துத் தொட்டிக்காரி முனவர் பேகத்துக்குக் கன்னடம் அத்துப்படி. அவள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அடிப்பாவி, 'ஏய் நீ உள்ள வா, சீக்கிரம் வா, ஒக்காரு'ன்னு வேலக்காரனக் கூப்புடற மாதிரி மொதலாளியக் கூப்புட்டுட்டியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டுச் சென்னம்மாவிடம் கேட்டேன். அவள் தாய்மொழியே கன்னடம்தான். பெரியவர்களை "நீவு", அதாவது நீங்கள், என்று சொல்ல வேண்டுமாம். "பன்னி, கூத்கொள்ளி" என்று அழைக்க வேண்டுமாம்; வாங்க, உட்காருங்க என்று அர்த்தம். அவள் தன் மாமனாரிடம் பேசுவதும் அப்படித்தான். அட, வயதில் சின்னவளான என்னிடமும் அப்படித்தான் பேசுகிறாள்! ஆகவே அந்த பாஷையில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. கம்பெனி கேட்டுக்குள் எங்களுக்கு அதைத் தருவதற்குத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜையில் எல்லோர் முன்னாலும் முதலாளி காலில் விழ வேண்டும், இல்லையென்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மேஸ்திரி ஆஞ்சப்பன் வீட்டுக்கே வந்து, "ஏம்மா, கால்ல உழுந்து எந்திரிச்சா அதோட முடிஞ்சுபோவுது. இனாம் வாங்கறப்ப வருசா வருசம் நாங்கல்லாம் உழுவலயா?" என்று புத்தி சொன்னார். நல்ல மனுஷர்தான். சாமிக்கு விழுகிறேன், தங்கள் அம்மாவுக்கு விழுந்திருக்கிறேன், செய்யாத தப்புக்கு மட்டும் விழமாட்டேன் என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் எனக்குத் தரையைக் காட்டினார். நான் குனியவில்லை. கைகூப்பி நின்றபடியே, "நீவு தொட்டவரு" என்று சென்னம்மா சொல்லித்தந்த கன்னடத்தில் ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை கிடைக்காமல் தமிழுக்கு வந்துவிட்டேன். "நீங்க பெரியவங்க. எனக்கு இங்க சொல்லிக் குடுத்த கன்னடம் அவ்வளவுதான். அத ஒங்களுக்குச் சொன்னது அவமரியாதைன்னா, தெனமும் எங்களுக்குச் சொல்றதுக்கு யாரு கால்ல யாரு உழுவறது?" என்று கேட்டேன்.

முதலாளி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் "நீனு ஹோகு!" என்று கத்தினார். "பாருங்க, மறுபடியும் அதே பாடம்" என்றேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் கேட்ட கேள்வியைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது. அன்றே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சென்னம்மா வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். அவர்கள் நிலத்தில் கேழ்வரகு அறுவடைக்குப் போகிறேன். வெந்நீரில் ஊறி வெளுத்திருந்த விரல்கள் ஆறிவிட்டன, இப்போது அரிவாள் கீறல்தான். சம்பங்கி ஆட்டுக்குட்டியைக்கூட "நீவு பன்னி" என்று கூப்பிடுகிறாள். கஷ்டம் இல்லாமல் இல்லை. பட்டினி இல்லை.

மேனேஜர் தங்களுக்கு ஏன் எழுதினார் தெரியுமா? முனவர் வந்து சொன்னாள். இப்போது அவர் "நீனு பா" என்றால் ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். முனவரே, "எங்களுக்குக் கன்னடம் தெரியாதுங்க சார்" என்கிறாளாம்! வேறு வழியில்லாமல், "ஏம்மா, கொஞ்சம் வாங்க" என்று தமிழுக்கு இறங்கி வந்திருக்கிறார். அவர்களுடைய அந்தப் பிடிவாதத்தை முறிக்கத்தான் தங்களைக் கூப்பிடுகிறார். "அவ புருஷனே வந்து விழுந்தான் பாரு" என்று காட்டிவிட்டால், அடுத்த நாளே பழைய பாடம் ஆரம்பமாகிவிடும். எனக்குப் போனது வேலை. அவர்களுக்குப் போகப்போவது அந்த "வாங்க."

எனக்காக யாரிடமும் தலை குனியாதீர்கள். ரயில் இறங்கியதும் பஸ் பிடித்து நேரே சென்னம்மா வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதையும் மீறிக் கம்பெனிக்குப் போவதானால், மேனேஜர் தங்களைப் பார்த்ததும் சொல்கிற முதல் வார்த்தையைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதற்கு அர்த்தம் இப்போது தங்களுக்கும் தெரியும். பிறகு தங்கள் இஷ்டம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். அம்மன் துணையிருப்பாள், நல்லபடியாக வந்து சேருங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் காத்திருக்கும்.

எப்போதும் "தங்கள் பாதம் பணியும் அடியாள்" என்று எழுதித்தான் கடிதத்தை முடிப்பேன். இன்றைக்கு அப்படி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பிரியம் குறைந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
செல்வம்மாள்.