ரத வீதியில் நாற்பத்தெட்டு நாள்

செப்டம்பர் 1, திங்கள்

வெறும் வயிற்றில் சுகர் 180. ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் முடிந்ததும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என்னைத் தவிர சத்தம் போடுவது ஃபேன் ஒன்றுதான். நாற்பத்து மூன்று வயது. நான் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. நடந்தே ஆகவேண்டும்.

செப்டம்பர் 4

போகவில்லை. மழை என்று எழுதப் பார்த்தேன். மழை பெய்யவில்லை.

செப்டம்பர் 9

ஒருவழியாக இன்று. ஆண்டாள் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதியும், நான்கு சுற்று. முதல் சுற்றிலேயே செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு முடித்தேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இனி இப்படியே நடக்கலாம்.

செப்டம்பர் 16

தெற்கு ரத வீதியில் பூக் கட்டும் வெள்ளத்தாய் அக்கா நிறுத்திக் கேட்டார். "எத்தன நாளு சுத்துறதா வேண்டியிருக்க தாயி?"

விடியற்காலை, வெறுங்கால், கோயிலைச் சுற்றித் தனியாக ஒருத்தி – வேறு என்ன நினைப்பார்கள்? சுகர் என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தெட்டு என்றேன். கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் திரும்பி வரவா என்றார். அதற்கும் தலையாட்டினேன். சதீஷ் போய் நாலு வருஷம். கோயம்புத்தூரில் வேறு குடும்பம், குழந்தை. ஏன் தலையாட்டினேன்?

செப்டம்பர் 24

எழுந்திருக்கவே மனசில்லை. யோகா வகுப்பு மூன்று நாள், டிவியைப் பார்த்துக் குதித்தது இரண்டு நாள் – என் லட்சணம் அவ்வளவுதான். அக்கா பார்த்துக்கொண்டிருப்பாரே என்று கிளம்பினேன். நேரமானதும் காய்ச்சலோ என்று நினைத்தாராம். நான் வரவில்லை என்றால் கவனிக்க ஊரில் ஒருத்தர். பொய் சொல்லிக் கிடைத்த ஒருத்தர்.

அக்டோபர் 6

அந்த மூன்று நாள் கோயிலைச் சுற்றக்கூடாது, கணக்கிலும் சேராது என்று அக்கா முன்பே சொல்லிவைத்திருந்தார். வேண்டுதலே இல்லாதவளுக்கு என்ன விலக்கு! ஆனாலும் பயந்துகொண்டு மூன்று நாளும் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17

128! ஆபீஸில் விஜியிடம் சொன்னேன். நல்லது மேடம் என்று சொல்லிவிட்டுத் தீபாவளிப் புடவை போட்டோவைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து இங்கே எழுதுகிறேன். 128.

அக்டோபர் 29

நாற்பத்தெட்டு முடிந்தது. அக்கா ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டார், காசு வாங்கவில்லை. "பாத்துட்டே இரு, வந்துருவாரு" என்றார்.

சாயங்காலம் ஒரு ஆளுக்கு அரிசி கூடப் போட்டிருக்கிறேன். உலை கொதித்த பிறகுதான் கவனித்தேன். அடச்சீ. நானே சொன்ன பொய்ய நானே நம்பி உக்காந்திருக்கேன். வாசல்ல பைக் சத்தம் கேட்டா எட்டிப் பாக்கேன். போனவன் போயிட்டான் – இத இன்னும் எத்தன தடவ எனக்கு நானே சொல்லணும்?

அக்டோபர் 30

வேண்டுதல் முடிந்தவளுக்கு இனி என்ன நடை? ஆறு மணி வரை படுத்துக் கிடந்தேன். பிறகு போனேன். அக்கா திகைத்துப் பார்த்தார். முதல் சுற்றிலேயே நின்று சொல்லிவிட்டேன்.

"வேண்டுதலே இல்லக்கா. அவரு வரமாட்டாரு. நான் சுகருக்குத்தான் நடக்கேன்."

அக்கா குனிந்து பூக் கட்டத் தொடங்கினார். இரண்டாவது சுற்றில் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவதிலும் இல்லை. இருந்த ஒருத்தரும் போச்சு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நான்காவது சுற்றில் நாரைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டு இருக்கு ஒனக்கு?"

"நூத்தி இருவத்தெட்டு."

"ஏட்டி, எனக்கு முந்நூறு."

நவம்பர் 3

இன்று ஒரே சுற்றுதான். பூக்கூடையை டீக்கடையில் விட்டுவிட்டு வந்த வெள்ளத்தாய் அக்காவுக்கு, வடக்கு ரத வீதி வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.