ஏழாம் படுக்கையின் குறிப்பு

பிப்ரவரி 9
குழந்தைகள் வார்டுப் பட்டியலில் ஒவ்வொரு படுக்கை எண்ணுக்கும் ஒரு லிங்க் போட்டு முடித்தேன். எண்ணை அழுத்தினால் கணினியில் அந்தக் குழந்தையைப் பற்றிய என் குறிப்பு நேராகத் திறக்கும்: எடை, மருந்து, அளவு. இனிக் கோப்புகளைத் துழாவ வேண்டாம். எங்கள் மருந்தகத் தலைவர் எட்டிப் பார்த்து, "சோம்பேறிக்குத்தான்மா மூளை வேலை செய்யும்" என்று சிரித்தார். பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 17
இன்று முப்பது ஊசி மருந்து கலந்தேன். கழுத்து வலி.

பிப்ரவரி 19, மதியம்
ஏழாம் படுக்கையின் லிங்க்கை அழுத்தினேன். எடை இருபத்திரண்டு கிலோ என்றது. அது முன்பு அங்கே இருந்த பையனின் எடை; அவன் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டான். இப்போது அங்கே பதினோரு கிலோ பெண் குழந்தை. மருந்து மட்டும் அதேதான். காலையிலும் இதைப் பார்த்துத்தானே கலந்தேன்? ஆமாம். இரண்டு மடங்கு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து.

யாருக்கும் தெரியாது. குறிப்பைத் திருத்திவிட்டால் — சீ! என்ன புத்தி எனக்கு?

அதே நாள், மாலை
ஓடிப்போய், ஏழாம் படுக்கைக்கு மருந்து போட்டாச்சா என்று நர்ஸிடம் கேட்டேன். "காலைலயே போட்டாச்சே. ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"இல்லம்மா."

"அப்போ பாக்காம செஞ்சீங்க."



பிப்ரவரி 20
சிறுநீர் சரியாகப் போகவில்லையாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 21
ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் எண் இன்னும் ஏறியிருக்கிறது. ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

பிப்ரவரி 23
எண் இறங்குகிறது. கொஞ்சம்தான். விசாரணையில் ஒன்றையும் மறைக்கவில்லை. படுக்கை லிங்க்குகளை எல்லாம் அழித்தேன். இனி ஒவ்வொரு குழந்தையின் சேர்க்கை எண்ணுக்கும் தனி லிங்க்.

பிப்ரவரி 26
மாற்று மருந்தை நர்ஸோடு நானே கொண்டுபோனேன். அம்மா குழந்தையின் ஊசிக்குழாய் உள்ள கைமேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"பேரப் படிங்க."

மருந்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தேன்.

"எடை?"

"பதினொன்னு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.