முத்திரை விழுந்த மன்னிப்பு

மார்ச் 4
காலையில் லென்ஸ் வெட்டும்போது ஒன்று உடைந்தது. மதியம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கண்ணாடிக்கு என்று நினைத்தேன். பெண்கள் கால்பந்தின் பழைய கதையை ஆராய்ச்சி செய்கிறாளாம். "நம்ம நாட்டு டீம்ல ரைட் பேக் ஆடினது நீங்கதானே?" என்றாள். நாற்பத்தொன்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. கல்லாவில் இருந்த மகள் சிரித்தேவிட்டாள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத அம்மாவா?

மார்ச் 6
மகளிடம் பாதி சொன்னேன். பெண்களின் முதல் சர்வதேசப் போட்டி என்று கால்பந்துச் சங்கத்தின் ஏட்டில் இருப்பதற்கு எட்டு வருடம் முன்பே, நாங்கள் பதினான்கு பேர் வெளிநாடு போய் ஆடினோம். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அனுமதியில்லாமல் நாட்டின் பெயரில் ஆடினோம் என்று, திரும்பியதும் சங்கம் தடை போட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் தடை நீங்கும். யாரும் எழுதக் கூடாது என்றாள் கேப்டன்.

அவளிடம் சொல்லாத மீதிப் பாதி: நான் எழுதினேன். பத்தொன்பது வயது. ஆடாமல் இருக்க முடியவில்லை. அக்கா ஊருக்குப் போய் அங்கே ஒரு கிளப்பில் ஆடினேன். டீமில் யாருக்கும் தெரியாது.

மார்ச் 11
அந்தப் பெண் ஃபோன் செய்தாள். அப்படியொரு ஆட்டமே நடக்கவில்லை என்கிறதாம் சங்கம். பத்திரிகைத் துண்டெல்லாம் செல்லாது. சங்கத்தின் முத்திரை விழுந்த தாள் வேண்டுமாம்.

இருக்கிறதே, பீரோவில். இன்ன தேதியில் இன்ன நாட்டுக்கு எதிராக ஆடிய குற்றத்தை மன்னிக்கிறோம் என்று எனக்கு வந்த பதில். ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தேன்?

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12
பீரோவைத் திறக்கவில்லை.

மார்ச் 15
திறந்தேன். முதலில் கேப்டனிடம்தான் போனேன் – ரெண்டு பஸ் மாறி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். தாளை இரண்டு முறை படித்தாள். வெளியே யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்தாள்.

"எத்தன சீசன் ஆடின?"

"ரெண்டு."

"நல்லா ஆடினியா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரல. வேற என்னத்த சொல்றது?

"கீப்பர் போன வருஷம் போய்ச் சேந்துட்டா. அவ சொன்னத வீட்லயே யாரும் நம்பல. இத அவ இருக்கும்போது குடுத்திருக்கலாம்." தாளை என் பக்கம் தள்ளினாள். "அந்தப் பொண்ணுகிட்ட குடு."

போய்ட்டு வரேன்னுகூட சொல்லாம வந்துட்டேன்.

ஜூன் 20
சங்கம் அந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டு பட்டியல் வெளியிட்டது. பதினான்கு பெயர். விழாவில் கேப்டன் முதல் வரிசை, நான் நான்காவது. கடிதம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர்தான் என்னோடு பேசினார்கள். கீப்பருக்கான பதக்கத்தை அவள் மகன் வாங்கிக்கொண்டான்.

ஜூலை 9
கேப்டன் கடைக்கு வந்தாள். கண்ணாடி மாற்ற வேண்டுமாம். பவர் பார்த்தேன், ஃப்ரேம் காட்டினேன். கறுப்பே போதும் என்றாள். அவள் தெருவிலேயே மூன்று கண்ணாடிக் கடை இருக்கிறது. சனிக்கிழமை தயாராகிவிடும் என்றேன்.

வரேன் என்றாள்.