கிணற்றைத் தாண்டியவர் பெயர் வெயிலுமுத்து

அனுப்புநர்:
வெ. ஆவுடைத்தாய் (வயது 34),
காலஞ்சென்ற வெயிலுமுத்துவின் மனைவி,
கீழ ஆவரங்காடு கிராமம்,
கடம்பூர் வழி, கோவில்பட்டி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
கோட்டாட்சியர் அலுவலகம்,
கோவில்பட்டி.

பொருள்: 6-4-2000 அன்று திரைப்படச் சண்டைக் காட்சியில் கிணற்றில் விழுந்து இறந்த என் கணவரை, குடிபோதையில் விழுந்தவர் எனப் பதிந்திருப்பதை மாற்றக் கோருவதும், அதற்குச் சாட்சியான திரைப்படத்தை வரும் வியாழக்கிழமைக்குள் தாங்கள் நேரில் பார்வையிட வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். அவர் பாதி கேட்டதுமே, "இதெல்லாம் கதை தாயி, அய்யாவுக்கு ரெண்டு வரி போதும்" என்று விதவை உதவித்தொகைத் தாளை எடுத்து வைத்தார். நான் உதவித்தொகை கேட்டு வரவில்லை. எட்டாவது வரை படித்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் கை என்பதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை வாசிக்க வேண்டுகிறேன்.

1. என் கணவர் வெயிலுமுத்து மானாவாரிக் காட்டில் கம்பும் உளுந்தும் விதைக்கிற சம்சாரி. சிலம்பம் தெரியும். கம்போ வாளோ எதுவானாலும் இடது கையில்தான் பிடிப்பார். குடிப்பழக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் கலர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இதற்காக மாமன் மச்சான்மார் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை.

2. சென்ற ஆண்டு பங்குனியில் 'வாள்முனை வேந்தன்' என்ற படத்தை எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியார் எங்கள் ஊருக்கு வந்தார்கள். ராஜா காலத்துக் கதை. வாள் சண்டையோடு சீன தேசத்து அடிமுறையும் கலந்தது. நாயகர் முகமூடி போட்டு, நீலப் பட்டுச் சட்டையும் இரண்டு முன்கையிலும் வெள்ளிச் சாயம் பூசிய தோல் காப்பும் அணிந்து வருவார். கூட வந்த சண்டைக்காரர்கள் ஆகாயத்தில் சுழன்று உதைப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் எங்கள் தோட்டத்துக் கிணற்றைக் குறுக்கே தாண்ட வேண்டும் என்றதும் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். குறுகலான பக்கம் பதினான்கு அடி, ஆழம் ஐம்பது அடி, கோடையில் அடியில் பாறைதான் தெரியும். கம்பெனி மேலாளர் நந்தகோபால் என்பவர் ஊருக்குள் விசாரித்து, என் கணவரை நாயகருக்குப் பதிலாகத் தாண்ட அழைத்துப் போனார். ஊர் ஆண்கள் நாற்பது பேரைப் படைவீரர்களாக எடுத்துத் தகர வாள் கொடுத்தார்கள்.

3. ஏப்ரல் 5-ஆம் தேதி, காய்ந்த தரையில் ஓடி வந்து, இடது கையில் வாளோடு அவர் கிணற்றைத் தாண்டினார். அக்கரையில் முழங்கால்கூடத் தரையில் படாமல் இறங்கினார். நாயகரே எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். அத்தோடு விட்டிருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இல்லை.

4. மறுநாள் அதே தாண்டலை மழையில் எடுக்க வேண்டும் என்றார்கள். டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றடி முழுக்கப் பீய்ச்சினார்கள். ஐயா வேறு மண்ணில் பிறந்தவராக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். கரிசல் காய்ந்திருந்தால் கல். நனைந்துவிட்டால் பிசைந்த மாவு போல உள்ளங்காலில் அப்பிக்கொண்டு, காலைத் தூக்கவும் விடாது, ஊன்றவும் விடாது. மழை பெய்த மறுநாள் எங்கள் ஊரில் யாரும் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். என் கணவர் மேலாளரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அண்ணாச்சி, நனைஞ்ச கரிசல்ல ஓடித் தாண்ட முடியாது. ஒரு நா வெயிலு காயட்டும், நாளைக்கு ரெண்டு தடவ தாண்டுதேன்." மேலாளர், நாயகருக்கு அன்று மாலை ரயில் என்றார். கட்டிப்பிடித்த மனிதரின் முகத்துக்காக என் கணவர் ஒத்துக்கொண்டார். காலை பதினொரு மணிக்கு ஓடினார். விளிம்பில் வலது கால் மண்ணை விட்டு வரவில்லை.

5. அவரை மேலே தூக்கியதும் எனக்கு முன்னால் போய் நின்றவர்கள் துணி பார்ப்பவர்கள். நீலச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தில் தொங்கிய அவருடைய வேட்டியைச் சுற்றிவிட்டார்கள். உயிர் இருக்கிறதா என்று பார்த்தது அதற்குப் பிறகுதான். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் அவர் படத்தில் வேலை செய்தவர் இல்லை, குடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்து விழுந்தவர் என்று மேலாளர் வாக்குமூலம் தயார் செய்துவிட்டார்.

6. உடம்பில் பிராந்தி வாடை இருந்ததாக அறிக்கையில் உள்ளது. அது உண்மை. எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. ஆபத்தான காரியத்துக்குப் போகிறவருக்காகக் கிணற்றடிக் கருப்பசாமிக்குப் பிராந்தி படைத்து, மிச்சத்தை அவர் முழங்காலிலும் தோளிலும் தேய்த்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். சாமி கூடவே வரும் என்பது நம்பிக்கை. அன்று காலை தேய்த்துவிட்டது நான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும்ட்டி, நாத்தம் தாங்கல" என்று சிரித்தார். காவலுக்கு நான் தேய்த்ததுதான் அவரைக் குடிகாரர் ஆக்கியது. பத்து மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. தங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

7. நாற்பது பேர் பார்த்திருந்தும் ஏன் ஒருவரும் பேசவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். படைவீரராக நின்ற எங்கள் ஊர் பிச்சையா இப்போதுதான் வாயைத் திறந்தார்: "கேஸுன்னு ஆயிட்டா படம் வெளிய வராது, உங்க மூஞ்சி ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாவ மதினி. அதான் கையெழுத்துப் போட்டுட்டோம்." படம் வந்துவிட்டது. ஊரே வண்டி கட்டிப் போய்ப் பார்த்தது. நாற்பது பேரும் தூரத்தில் புழுதியாகத் தெரிகிறார்கள். எந்தப் புழுதி யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பிச்சையாவும் இன்னும் ஆறு பேரும் தங்கள் முன் வந்து உண்மையைச் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அவர்களைத் தண்டிக்க வேண்டாம்.

8. அந்தப் படம் இப்போது கடம்பூர் சாலையில் உள்ள டூரிங் கொட்டகையில் ஓடுகிறது. நான் ஆறு முறை பார்த்துவிட்டேன். இடைவேளை முடிந்து மூன்றாவது சண்டையில், ஏப்ரல் 5-ஆம் தேதி எடுத்த கிணற்றுத் தாண்டல் வருகிறது. தாங்கள் இரண்டு கைகளை மட்டும் கவனித்தால் போதும். படம் முழுக்க நாயகர் வலது கையால் வாள் வீசுகிறார். தாண்டும்போது மட்டும் வாள் இடது கையில் இருக்கிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு, கடைசிச் சண்டை வரை நாயகரின் இடது முன்கையில் காப்பு இல்லை. சட்டையைக் கழற்றியவர்கள் அவசரத்தில் அதை என் கணவர் கையிலேயே விட்டுவிட்டார்கள். அவரைக் குளிப்பாட்டும்போது நான்தான் அவிழ்த்தேன். இன்றும் என்னிடம் இருக்கிறது. மனுவோடு சேர்த்துக் கொடுக்க மனம் வரவில்லை. அழைத்தால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

வியாழக்கிழமையோடு ஆட்டம் முடிகிறது. வெள்ளி காலையில் படப்பெட்டி புதியம்புத்தூருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போகும் என்று கொட்டகைக்காரருக்கே தெரியாது. பெட்டியைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராகப் போக என்னால் முடியாது. அதனால்தான் இத்தனை அவசரமாக எழுதுகிறேன்.

ஆகவே ஐயா அவர்கள் அதற்குள் ஒரு ஆட்டம் வந்திருந்து, தங்கள் கண்ணாலேயே பார்த்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, என் கணவரின் பதிவில் உள்ள 'குடிபோதை', 'வேடிக்கை பார்க்க வந்தவர்' என்ற சொற்களை நீக்கி, அவர் வேலையில் இறந்தார் என்று எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

படத்தில் அவர் அக்கரை போய்ச் சேர்ந்துவிடுகிறார், ஐயா. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர்ந்துவிடுகிறார். கொட்டகையே எழுந்து நாயகர் பெயரைச் சொல்லி விசில் அடிக்கிறது. படம் பார்த்த முதல் நாள் என்னை அறியாமல் நானும் கை தட்டிவிட்டேன். அந்தக் கைதட்டல் யாருக்கு என்று அரசாங்கக் காகிதம் ஒன்றில் இருந்தால் போதும்.

இடம்: கோவில்பட்டி
நாள்: 19-2-2001

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெ. ஆவுடைத்தாய்

இணைப்பு: வியாழக்கிழமை மாலை முதல் ஆட்டத்துக்கு நாற்காலி டிக்கெட் ஒன்று. இதைக் கையூட்டாக நினைக்க வேண்டாம். நான் முன்னால் மணல் தரையில் உட்கார்ந்திருப்பேன். அவர் தாண்டும்போது எழுந்து நிற்கிறேன். அப்போது கையைப் பாருங்கள்.