கடைசி எட்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை இரவு, அல் குசைஸ்.

பஷீரின் இதயம் இனி தேறாது, இந்த நிலையில் விமானத்தில் ஊருக்கு அனுப்பவும் முடியாது என்று டாக்டர் இன்று என்னிடம் சொன்னார். அவனிடம் நான் சொல்லவில்லை.

மாலையில், இங்கே வளைகுடாவில் வேலை பார்க்கும் கல்லூரிக் கூட்டாளிகள் நான்கு பேர் அவன் கட்டிலைச் சுற்றி நின்றோம். என்ன பேசுவதென்று தெரியாமல், வழக்கம்போல அந்தக் கால்பந்து இறுதிப் போட்டியைப் பற்றிப் பேசினோம். இரண்டு கோல் பின்தங்கியிருந்த எங்கள் கல்லூரி, கடைசி எட்டு நிமிடத்தில் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. மூன்றாவது பஷீர் போட்டது.

மற்றவர்கள் டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, "மாப்ள, அந்தக் கடைசி கோலை நீ சொல்லு," என்றான்.

இருபது வருடமாக நான் சொல்லிவரும் கதைதான். கார்னரிலிருந்து பந்து வந்தது, அவன் எம்பித் தலையால் முட்டினான், கேலரியே மைதானத்துக்குள் இறங்கி ஓடியது, நான்தான் முதலில் அவனைத் தூக்கினேன் என்றேன்.

பஷீர் கண்ணை மூடியபடி சிரித்தான். "நீ எங்கடா தூக்குனே? ரெண்டாவது கோல் வாங்குனதுமே நீ கேட்டைத் தாண்டிப் போனதை நான் பாத்தேனே."

உண்மைதான். தோற்றுவிட்டோம் என்று நினைத்து பஸ் ஏறியவன் நான்.

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ சொன்னாத்தான் நல்லா இருக்கு மாப்ள." என் மணிக்கட்டைப் பிடித்தான். "டாக்டர் என்ன சொன்னாரு? அதையாவது உள்ளபடி சொல்லு."

சொன்னேன்.

அவன் பிடியை விடவில்லை. நர்ஸ் இரண்டு முறை வந்து நேரமாயிற்று என்றார். நான் எழுந்திருக்கவில்லை.