பட்டுத் தொட்டிலும் பாச்சை உருண்டையும்

12.8.97 செவ்வாய்
காலையில் தூறல். பையனுக்குப் பதினோராம் நாள், தொட்டில் போட்டோம். பெயர் முடிவாகவில்லை. எங்கள் வீட்டில் முதல் பிள்ளைக்குச் சொந்தத் தறியில் நெய்த பட்டுப்புடவைதான் தொட்டில். இறந்துபோன அம்மாவின் கல்யாணப் புடவை, அரக்கு. டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுக் காத்தவன் நான். தண்ணீரில் நனைக்கவில்லை, வெயிலிலும் போடவில்லை. சரிகை கறுத்துவிடும், நெய்கிற வீட்டில் யாரும் செய்ய மாட்டோம்.
வசந்தா: "இன்னாங்க, இந்த வாட கொழந்தைக்கு ஆவுமா?"
"வாடதான? தானா போய்டும்."

13.8 புதன்
எட்டாம் வகுப்பு. பதங்கமாதல். திண்மம் உருகாமல் நேரே ஆவியாவது. பெட்டியில் மிஞ்சிய உருண்டைகளையே எடுத்துப் போனேன். கோலி அளவில் ஆறு போட்டது, இப்போது பட்டாணி அளவில் இரண்டு. முதல் பெஞ்சுப் பெண், "மீதி எங்க சார் போச்சு?" காற்றில் கலந்துவிட்டது என்றேன். நல்ல வகுப்பு. எனக்கே திருப்தி.
சாக்பீஸ் கேட்க வேண்டும்.

14.8 வியாழன்
பையனுக்குக் கண் மஞ்சள். மூத்திரம் கடுங்காப்பி நிறம். பால் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா, "பொறந்த கொழந்தைக்கு மஞ்ச வர்றதுதான், வெயில்ல காட்டுங்க." வெயிலே இல்லை.

15.8 வெள்ளி
விடுமுறை. கிளினிக் பூட்டு. கார் பிடித்து வேலூர். குளிருமே என்று அதே பட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழவே இல்லை. அழுதிருந்தால் தேவலை.
டாக்டரம்மா குனிந்து முகர்ந்தார். "பாச்சை உருண்டை வெச்ச துணியா?" இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?
வசந்தா, "ஆமாங்க டாக்டர். மூணு நாளா இதுலதான் படுத்துகினு இருந்தான்."
சில குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டால் ரத்தம் உடைந்துபோகுமாம். உடம்பு ரத்தத்தையே மாற்ற வேண்டுமாம்.
மீதி எங்கே போனது என்று இப்போது தெரிகிறது.

16.8 சனி
மாற்றினார்கள். நீல விளக்கின் கீழே கிடக்கிறான். வசந்தா வாய்விட்டுத் திட்டினால் போதும். திட்டவில்லை. சாமி, எடுப்பதானால் என்னை எடு.

17.8 ஞாயிறு
மஞ்சள் இறங்கவில்லை. மறுபடி மாற்ற வேண்டுமாம். 
நான் போட்டிருக்கும் சட்டை, வேட்டி எல்லாமே அந்தப் பெட்டியில் இருந்தவை. குழாயடியில் மூன்று முறை அலசி ஈரத்தோடே போட்டுக்கொண்டேன். முகர்ந்தால் இன்னும் இருக்கிறது.
உள்ளேயிருந்து வசந்தா, "ஏங்க, ஜல்தி வாங்க, கண்ண தொறக்கிறான்."
ஓடினேன். நர்ஸ் வாசலில் கையை நீட்டித் தடுத்தாள்.
"நீங்க வராதீங்க சார். வாட அடிக்குது."