வளைவில் ஒரு வெள்ளைத் துண்டு

இன்று காலை கண் டாக்டர் என் வலது கண்ணை மறைத்துவிட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னார். நெய்வேலி ஆஸ்பத்திரியில் இன்னும் நம் காலத்து அதே பலகைதான். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஆனாலும் நான்காவது வரி தானாக நாக்குக்கு வந்தது. உனக்கு நான் சொல்லிக்கொடுத்த வரி.

நெய்வேலிச் சுரங்கத்தில் நாம் இருவரும் லாரி ஓட்டிய காலம். டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை. உன் பார்வை மங்கியதும், என் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளை மாதிரி எல்லா வரிகளையும் ஒப்பித்தாய். பாஸ் ஆனாய். வேலையும் பிழைத்தது, உன் சோழவரம் கார் பந்தய ஆசையும் பிழைத்தது என்று சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மந்தாரக்குப்பம் ஷெட்டில் நீயே பாகம் பாகமாகப் பூட்டிய பழைய கார். உனக்கு ஐம்பத்திரண்டு வயது. "தாத்தா வண்டி வருது, வழி வுடுங்கடா" என்று கிண்டலடித்த பையன்கள், நீ முதலாவதாக வந்ததும் உன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"வேகம் அவனுங்ககிட்ட இருக்குது. எங்க காலை எடுக்கணும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாய்.

அது பாதி உண்மை. வளைவுக்கு முன்னால், ஆக்ஸிலேட்டரிலிருந்து நீ காலை எடுக்க வேண்டிய இடத்தில், ஓரமாக நான் வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது மீதி. அடுத்த வருஷமும் அப்படித்தான் ஜெயித்தாய்.

மூன்றாம் வருஷம், கடைத்தெருவில் உன் மனைவி எதிரே வந்து நின்றபோது "யாருங்க?" என்று கேட்டாய். பந்தயத்துக்கு நான் வராவிட்டால் நீயும் போகமாட்டாய் என்று நினைத்தேன். "வேணாம்டா" என்று நேராகச் சொல்லத் துணிவில்லாத கோழை நான். ஷிஃப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

"பரவால்லடா. நீ நிக்கற எடம் எனக்குத் தெரியாதா?" என்று கிளம்பிவிட்டாய்.

அன்று என் இடம் காலியாக இருந்ததாம். அதையும் தாண்டி, வளைவை ஒட்டி, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருக்கிறார். அவர் பக்கத்தில் வரும்வரை நீ காலை எடுக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வண்டி வளைவில் திரும்பவேயில்லை. நீயும் உயிரோடு வீடு திரும்பவில்லை. மனசு கேட்காமல் நானே வந்து நிற்கிறேன் என்று நினைத்தாயா? இத்தனை வருஷமாக என்னை அரிக்கும் கேள்வி இது ஒன்றுதான்.

"நாலாவது வரி தெரியுதுங்களா?" என்றார் டாக்டர்.

நாக்கு நுனிக்கு வந்த எழுத்துகளை விழுங்கினேன்.

"தெரியலைங்க" என்றேன். அன்று இதே அறையில் உன்னை நான் சொல்லவிட்டிருக்க வேண்டியது இதைத்தான்.